மாவக்காவின் எட்டு விரல்

"அழுத்தி வைங்க மேடம். இன்னும் கொஞ்சம். ஐயோ, கண்ணாடி உடைஞ்சிடப் போகுது!"

விசா மையத்தில் ஏழாம் நம்பர் ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் இப்படி அலறியபோது மாவக்காவுக்கு வேர்த்து ஊற்றியது. காலை எட்டு மணிக்கே வந்து டோக்கன் வாங்கியவள். இப்போது மணி பதினொன்றரை. வலது கையின் நாலு விரலும் பச்சை வெளிச்சம் அடிக்கிற ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டியின் மேல் இருந்தன. எதிரே திரையில் நாலு கட்டம். மூன்று கட்டத்தில் ஒன்றுமே இல்லை, புதுசாகச் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெறும் வெள்ளை. சுண்டுவிரல் கட்டத்தில் மட்டும் ஏதோ நாலு கோடு தெரிந்தும் தெரியாமலும் இருந்தது.

"கையைக் கழுவிட்டு வாங்க."

கழுவிவிட்டு வந்தாள். நல்லா துடைங்க என்றாள் அந்தப் பெண். துடைத்தாள். ரொம்பக் காய்ஞ்சு போச்சு, இந்த ஈரத் துணியைத் தொட்டுக்குங்க என்றாள். தொட்டுக்கொண்டாள். கழுவு என்றதும் அவள்தான், துடை என்றதும் அவள்தான், நனை என்றதும் அவளேதான். இப்படி ஆறு தடவை. பத்து விரலில் தேறியது இரண்டே இரண்டு சுண்டுவிரல்.

"உங்களுக்கு ரேகையே இல்லையே மேடம். என்ன வேலை பண்றீங்க?"

"கால் பண்றேன்."

"என்னது?"

"கால்ங்க. செயற்கைக் கால். ஆஸ்பத்திரியில."

அந்தப் பெண் ஒருமுறை மாவக்காவின் கையைப் பார்த்தாள், ஒருமுறை பின்னால் நீண்டிருந்த வரிசையைப் பார்த்தாள். பிறகு மனப்பாடமாக ஒப்பித்தாள். "இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு தருவோம். முப்பது நாளுக்குள்ள வரணும். அப்பவும் பதியலன்னா ஃபைலை மூடிடுவோம். அதுக்கப்புறம் ஒரு வருஷம் கழிச்சுத்தான் விண்ணப்பம் போடலாம். நெக்ஸ்ட்!"

ஒரு வருஷம்!  அடுத்த மாசக் கடைசி தாண்டினால் போகவேண்டிய நாட்டில் மாவக்காவுக்காக வைத்திருக்கிற இடமே போய்விடும். அப்புறம் விசா வந்தால் என்ன, வராவிட்டால் என்ன?

கொஞ்சம் பொறுங்கள், இந்த மாவக்கா யார் என்று சொல்லிவிடுகிறேன். மாவக்கா என்பது அப்பா அம்மா வைத்த பெயர் இல்லை. பெரிய ஆஸ்பத்திரியின் பின்பக்கம், துணி வெளுக்கும் கூடத்துக்கும் பிணவறைக்கும் நடுவில் ஒரு பட்டறை இருக்கிறது. விபத்திலும் சர்க்கரை வியாதியிலும் காலைப் பறிகொடுத்தவர்களுக்கு அங்கே புதுக்கால் செய்கிறார்கள். அந்தப் பட்டறையில் ஜன்னல்கூட இல்லாத மாவு அறை இருபத்திரண்டு வருஷமாக இவளுடையது. எலும்பு முறிந்தால் மாவுக்கட்டு போடுவார்களே, அதே துணியை நனைத்து, வெட்டுப்பட்டு மீந்த காலின் மேல் சுற்றி, இறுகுவதற்குள் முழங்காலுக்குக் கீழே இரண்டு கட்டைவிரலாலும் அமுக்கிப் பிடித்து அச்சு எடுப்பாள். அந்த அச்சுக்குள் மாவைக் கரைத்து ஊற்றினால் காலைப் போலவே ஒரு வெள்ளைக் கட்டி கிடைக்கும். கட்டியைக் கம்பி வலையால் தேய்த்து, கட்டைவிரலால் வழித்து, எலும்பு உறுத்துகிற இடத்தில் கொஞ்சம் கூட்டி, சதை தாங்குகிற இடத்தில் கொஞ்சம் குறைப்பாள். அதன் மேல்தான் கால் போய் உட்காரும் கிண்ணத்தை வார்ப்பார்கள். கிண்ணம் பொருந்தினால் மனுஷர் நடப்பார். பொருந்தாவிட்டால் புண்ணோடு வீட்டில் கிடப்பார்.

கையுறை போடக்கூடாதா என்று எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். "கையுறை போட்டா எலும்பு எங்க முடியுதுன்னு விரலுக்கு எப்படித் தெரியும்?" என்பாள். ஆக இருபத்திரண்டு வருஷம் வெறுங்கை. இவள் மாவைத் தேய்த்தாள், மாவு தன் பங்குக்கு இவள் விரலைத் தேய்த்துக்கொண்டே வந்திருக்கிறது. புருவத்திலும் தலைமுடியிலும் எந்நேரமும் வெள்ளைப் பொடி. வார்டு பாயிலிருந்து பெரிய டாக்டர் வரை அவளுக்கு மாவக்காதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் வெளிநாட்டுப் பெண் டாக்டர் ஒருவர் பட்டறையைச் சுற்றிப் பார்க்க வந்தார். மற்றவர்கள் மெஷினைக் காட்டினார்கள். அவர் மாவு அறை வாசலில் நின்று ஒரு மணி நேரம் இவள் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். போன வருஷக் கடைசியில் அவரிடமிருந்து கடிதம் வந்தது. சண்டை ஓய்ந்த பிறகும் மண்ணுக்குள் வெடி ஓயாத ஒரு மலை நாட்டில் இருந்து எழுதியிருந்தார். மெஷின் இருக்கிறது, பிளாஸ்டிக் இருக்கிறது, கூரை இருக்கிறது, நூற்று அறுபது பேர் காத்திருக்கிறார்கள், அச்செடுக்கத்தான் கை இல்லை. இரண்டு வருஷம் தொண்டாக வர முடியுமா? சம்பளம் கிடையாது, சாப்பாடும் ஒரு அறையும் தருவோம். கடிதத்தோடு ஒரு புகைப்படம். நீள பெஞ்சில் பதினாலு பேர் ஊன்றுகோலோடு உட்கார்ந்து கேமராவைப் பார்க்கிறார்கள். பதினாலு பேருக்கும் சேர்த்துப் பதினைந்து கால்.

அந்தப் படத்தைப் பார்த்ததிலிருந்து மாவக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "இங்க நான் போனா இன்னொருத்தர் வருவார். ஆள் போட ஆர்டரும் வந்தாச்சு. அங்க நான் போகலன்னா ஆளே இல்ல," என்றாள். நாற்பத்தேழு வயசில் எதற்கு இந்த வேண்டாத வேலை என்று கேட்டவர்கள் எல்லாருக்கும் இதே பதில்தான்.

கேட்டவர்களில் முதல் ஆள் தங்கை. சின்னவள் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் குமாஸ்தா. கல்யாணம் ஒத்துவராமல் பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு பெட்டியோடு அக்கா வீட்டுக்கு வந்தவள், அப்படியே தங்கிவிட்டாள். மாவக்காவுக்குக் கல்யாணம் என்ற பேச்சே வரவில்லை, வந்தபோது அவள் மாவு அறையில் இருந்தாள். மூன்றாம் மாடியில் இரண்டு அறை, இரண்டு பேர். சின்னவளுக்கு நாக்கு நீளம். ஆனால் படிவம் நிரப்புவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. திட்டிக்கொண்டே ஒரு நீல ஃபைல் வாங்கினாள், திட்டிக்கொண்டே எல்லாவற்றையும் அடுக்கினாள்.

என்னென்ன கேட்டார்கள் தெரியுமா? போலீஸ் சான்றிதழ், மார்பு எக்ஸ்ரே, பிறந்த சான்றிதழ், அதன் மொழிபெயர்ப்பு, மொழிபெயர்த்தவர் நிஜமாகவே மொழிபெயர்ப்பாளர்தானா என்பதற்கு இன்னொரு சான்றிதழ். புகைப்படத்தில் காது தெரியவில்லை என்று ஒருமுறை திருப்பினார்கள், காது தெரிந்த படத்தில் சிரிக்கிறாள் என்று மறுமுறை.

"கடந்த பத்து வருஷத்துல எங்கெங்க போயிருக்கேன்னு கேக்கறான்," என்றாள் சின்னவள் பேனாவோடு.

"எங்கயும் போகலன்னு எழுது."

"காலியா விட்டாலும் திருப்புவான், எங்கயும் போகலன்னு எழுதினாலும் சந்தேகப்படுவான். மனுஷின்னா ஒரு எடத்துக்காவது போயிருக்க மாட்டாளா?"

"ஆஸ்பத்திரி, வீடுன்னு போடு. பத்து வருஷமும் அதான்."

இத்தனை கண்டத்தையும் தாண்டி வந்த பிறகுதான் கடைசியில் விரல் காலை வாரிவிட்டது.

தோல் டாக்டர் அதே ஆஸ்பத்திரிக்காரர்தான். பூதக்கண்ணாடியால் விரலைப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "மாவக்கா, ரேகை அடியோட போகல. மேல் தோல்தான் தேஞ்சிருக்கு. மூணு நாலு வாரத்துல தானா வளந்துடும். மருந்தே வேணாம், இந்தக் களிம்பு போட்டுக்குங்க. மாவைத் தொடாதீங்க, சோப்பைத் தொடாதீங்க, எதையுமே தேய்க்காதீங்க. சும்மா இருங்க, போதும்."

சும்மா இருக்கணுமாம்! எப்படி இருப்பது என்று அந்த மனுஷர் சொல்லித் தரவில்லையே.

போகப்போகிற இரண்டு வருஷத்துக்கு எழுதிக்கொடுத்த விடுப்பை முன்கூட்டியே எடுத்துக்கொண்டு மாவக்கா வீட்டில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள் என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். குட்டி போட்ட பூனை மாதிரி சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்தாள். கை துறுதுறு என்றது. மேசை விளிம்பைப் பிடித்து அமுக்கிப் பார்த்தாள், தலையணையைப் பிடித்து அமுக்கிப் பார்த்தாள். ஜன்னலில் நின்றால் தெருவில் போகிறவர்களின் நடையெல்லாம் கண்ணில் குத்தியது. "ஏங்க, உங்க வலது கால் அரை இஞ்ச் குட்டையா இருக்கு, ஷூவுக்குள்ள அட்டை வைங்க!" என்று மூன்றாம் மாடியிலிருந்து கத்தினாள். அந்த ஆள் மேலே பார்த்து, யாரோ பைத்தியம் என்று வேகமாக நடையைக் கட்டினார்.

சின்னவளோ கண்கொத்திப் பாம்பாகக் காவல் காத்தாள். அலுவலகம் போகும் முன் பாத்திரம் கழுவி, துணி துவைத்து, தரை துடைத்து, காய் நறுக்கி வைத்துவிட்டுப் போவாள். திரும்பி வந்ததும் முதல் வேலை அக்காவின் கையைப் பிடித்து விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்ப்பது.

"இன்னைக்கு டம்ளர் கழுவினியா?"

"இல்லடி."

"பொய் சொல்லாதே. ஆள்காட்டி விரல் காய்ஞ்சிருக்கு."

"ஒரே ஒரு டம்ளர்."

"ஒரு டம்ளருக்காக அந்த நூத்தறுபது பேரையும் அம்போன்னு விட்டுடு. நமக்கென்ன வந்தது?"

பத்து நாளில் நடுவிரலில் லேசாக ஒரு சுழி எட்டிப் பார்த்தது. இரண்டு பேரும் ஜன்னல் வெளிச்சத்தில் தலையோடு தலை முட்ட அதைப் பார்த்தார்கள்.  சின்னவள் களிம்பை எடுத்து அழுத்தாமல் பூசிவிட்டாள்.

பதினாலாம் நாள் பகலில் கதவு தட்டப்பட்டது. திறந்தால் இஸ்திரிக்காரம்மா. ஆஸ்பத்திரிக்கு நாலு தெரு தள்ளி உள்ள சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவர். இருபது வருஷத்துக்கு முன்னால் லாரி ஏறி இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. மாவக்கா வேலைக்குச் சேர்ந்த புதிதில் அச்செடுத்த கால்களில் ஒன்று அவருடையது. அதற்கப்புறம் நாலு கால் மாற்றியாயிற்று, நாலும் மாவக்கா கைதான். அந்த அம்மா ஒற்றைக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்து மூச்சு வாங்கினார்.

"ஏம்மா மாவு, கால் தொளதொளன்னு ஆயிடுச்சு. ரெண்டு காலுறை போட்டும் நிக்கல. பட்டறைக்குப் போனா நீ இல்லங்கறாங்க. இதுக்கா மூணு மாடி ஏற வெச்சே?"

மாவக்கா கையைக் கக்கத்துக்குள் இடுக்கிக்கொண்டாள். விஷயத்தைச் சொன்னாள். விரல், ரேகை, முப்பது நாள், மலை நாடு, நூற்று அறுபது பேர். சொல்லச் சொல்ல அவளுக்கே நாக்கு குழறியது.

"கண்ணாடிக்காரர் எடுப்பார் அம்மா. நல்லா எடுப்பார்," என்றாள். கண்ணாடிக்காரர் பட்டறையில் கம்பி வேலை பார்ப்பவர். கம்பியில் புலி. மாவில் என்ன என்று மாவக்காவுக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னாள்.

இஸ்திரிக்காரம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். "நீ ஒரு தடவை அமுக்கினா போதும். பத்து நிமிஷம்."

"இப்ப முடியாதும்மா. இப்பத்தான் வளருது."

"சரி. வெளிநாட்டுக் காலுன்னா ஒசத்தி. என் காலு எளப்பமாப் போச்சு. அவ்ளோதானே?"

சொல்லிவிட்டு அந்த அம்மா படி இறங்கினார். ஒவ்வொரு படிக்கும் செயற்கைக் கால் டொக் டொக்கென்று தளர்ந்து அடித்தது. மூன்று மாடிக்கும் அந்தச் சத்தம் கேட்டது. மாவக்கா கதவைச் சாத்தாமல் அப்படியே நின்றாள். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு காலைத் தொடமாட்டேன் என்று அவள் சொன்னது அன்றைக்குத்தான். அழுகை வந்தது. கண்ணைத் துடைக்கக்கூட விரலைக் கொண்டுபோகாமல் தோளில் துடைத்துக்கொண்டாள். அதை நினைத்துத் தன் மேலேயே அசிங்கமாக இருந்தது.

இருபத்தெட்டாம் நாள் மறுபடியும் விசா மையம். அன்றைக்குச் சின்னவளும் கூடவே வந்தாள். பேருந்தில் அக்காவைக் கம்பியைப் பிடிக்கவே விடவில்லை. அக்காவின் இடுப்பை இவள் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நீல ஃபைலைப் பல்லில் கடிக்காத குறை. அதே ஏழாம் நம்பர் ஜன்னல், அதே பெண். வலது கை நாலு விரல் பச்சை. இடது கை நாலு விரல் பச்சை. "ரெண்டு கட்டைவிரலையும் சேத்து வைங்க." வைத்தாள். திரை யோசித்தது. யோசித்து யோசித்து, பச்சை!

"அட, வந்துடுச்சே மேடம்," என்றாள் அந்தப் பெண். முதல் தடவையாக அவள் பல் தெரிந்தது.

மாவக்கா திரும்பிப் பார்த்தாள். சின்னவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

அதிலிருந்து பன்னிரண்டாம் நாள் பாஸ்போர்ட் வந்தது, உள்ளே விசா. கூடவே ஒரு தாள். சின்னவள் வரி விடாமல் சத்தமாகப் படித்தாள். அந்த நாட்டில் இறங்கியதும் எல்லையில் பத்து விரல் ரேகையும் மறுபடி எடுக்கப்படும், ஏற்கெனவே கொடுத்ததோடு ஒப்பிடப்படும், பொருந்தாவிட்டால் அனுமதி மறுக்கப்படலாம்.

"புரிஞ்சுதா? இறங்கற வரைக்கும் மாவு நெனப்பே வரக்கூடாது. இன்னும் ஒரு வாரம்தான். கனவுலகூடத் தொடாதே."

"சரிடி."

மாவக்கா அன்று சாயங்காலம் நேராகச் சலவைக் கடைக்குப் போனாள். விசா வந்துவிட்டது என்று சொல்லிவிட்டு வரலாம், கோபம் தணிந்திருக்கும் என்று ஒரு நப்பாசை. கடையில் இஸ்திரிக்காரம்மா ஸ்டூலில் உட்கார்ந்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். இருபது வருஷமாக நின்றுகொண்டே போட்டவர். உட்கார்ந்தால் மேசை நெஞ்சுக்கு வந்தது, தூக்கிய தோளோடு பெட்டியைத் தள்ளிக்கொண்டிருந்தார். புதுக்கால் சுவரோரம் தனியாக நின்றது.

"காட்டுங்க," என்றாள் மாவக்கா.

"எதுக்கு? உனக்குப் பிளேன் இருக்கு, போ."

"காட்டுங்கம்மா!"

முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் நுனியில் ஒரு புண், ஒரு பொத்தான் அகலம். கண்ணாடிக்காரர் எலும்பைச் சதை என்று நினைத்து அமுக்கியிருக்கிறார். பார்த்த மாத்திரத்தில் எங்கே எவ்வளவு கூட்டியிருக்க வேண்டும் என்று மாவக்காவின் கட்டைவிரலுக்குத் தெரிந்துவிட்டது.

"உக்காந்து வேலை செஞ்சா பாதித் துணிதான் ஆகுதாம். முதலாளி வேற ஆள் பாக்கறார்," என்றார் இஸ்திரிக்காரம்மா, பெட்டியைப் பார்த்துக்கொண்டே. குறையாகக்கூடச் சொல்லவில்லை, தகவலாகச் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தாலாவது மாவக்காவால் தாங்கியிருக்க முடியும்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னாள். "நாளைக்கு நான் பட்டறைக்குப் போறேன்."

சின்னவள் கையில் இருந்த தட்டை ணங்கென்று வைத்தாள். "பைத்தியமா உனக்கு? புதுத் தோல்! ஒரு நாள்ல போயிடும். அங்க எறங்கி, அப்படியே திருப்பி அனுப்பினா? நூத்தறுபது பேர் நூத்தறுபது பேர்னு எட்டு மாசமா என் உயிரை வாங்கினியே, அவங்க?"

"அவங்களை இன்னும் நான் பாக்கலடி. இவங்களைப் பாத்துட்டேன்."

"புதுசா வர்றவர் வரட்டும், அவர் எடுப்பார்."

"அவர் வர இன்னும் மூணு வாரம். அதுக்குள்ள அவங்க வேலை போயிடும். நான் முடியாதுன்னு சொல்லித்தானே அந்தப் புண்ணு வந்தது? இதை இப்படியே விட்டுட்டு அங்க போய் என்னத்தை அமுக்கறது?"

சின்னவள் வாய்க்கு வந்தபடி திட்டினாள். சுயநலம் என்றாள், வீம்பு என்றாள், செத்துப்போன அப்பாவைக்கூட விடவில்லை. திட்டி முடித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, பீரோவைத் திறந்து ஒட்டுப்பட்டைச் சுருள் இரண்டை எடுத்து மேசைமேல் போட்டாள்.

"நானும் வரேன். மாவுல கை வைக்கறது நான். நீ எங்க அமுக்கணுமோ அங்க மட்டும் அமுக்கு. கட்டைவிரல் ரெண்டைத் தவிர ஒரு விரல் வெளிய வந்துச்சு, கொன்னுடுவேன்."

மறுநாள் மாவு அறையில் நடந்ததைப் பார்க்க நீங்கள் இருந்திருக்க வேண்டும். மாவக்காவின் எட்டு விரலையும் சின்னவள் ஒவ்வொன்றாகச் சுற்றி ஒட்டியிருந்தாள். இரண்டு கட்டைவிரல் மட்டும் அம்மணமாக நின்றன. கண்ணாடிக்காரர் தலையைக் குனிந்துகொண்டு வாளியில் தண்ணீர் பிடித்துவந்தார். "எம் மேலதான் தப்பு," என்று நாலு தடவை சொல்லிவிட்டார். வாழ்நாளில் பேனாவைத் தவிர வேறு கருவி பிடித்தறியாத சின்னவள் முழங்கை வரை மாவோடு துணியை நனைத்தாள், சுற்றினாள். "இறுக்காதே. மேல ஏத்து. ஐயோ, மடிப்பு விழுது பாரு, வழி, வழி!" என்று மாவக்கா கைகளைத் தூக்கிக்கொண்டு குதித்தாள்.

"நீ ஒண்ணும் குதிக்காதே, எனக்குத் தெரியும்," என்று சின்னவள் கத்தினாள். அவளுக்கு ஒன்றுமே தெரியாது. இஸ்திரிக்காரம்மா புண்ணை மறந்து சிரித்தே விட்டார்.

மாவு சூடேற ஆரம்பித்ததும் மாவக்கா முன்னால் வந்து உட்கார்ந்தாள். முட்டிச் சிப்பிக்குக் கீழே, நரம்பின் இரண்டு பக்கமும், கட்டைவிரல் இரண்டையும் வைத்து அமுக்கினாள். ஐந்து நிமிஷம் அசையவில்லை. இந்த ஒன்றரை மாசத்தில் அவள் அசையாமல் இருந்தது அந்த ஐந்து நிமிஷம்தான்.

அத்தோடு முடியவில்லை. மறுநாள் வெள்ளைக் கட்டியைத் தேய்க்கிற வேலை. அதைச் சின்னவள் செய்ய முடியாது, கண்ணாடிக்காரர் செய்ய முடியாது. கம்பி வலையைக் கட்டைவிரலுக்கடியில் வைத்துக்கொண்டு மதியம் வரை தேய்த்தாள். எலும்பு நுனிக்குக் கூட்டினாள், பக்கத்தில் குறைத்தாள், வழித்தாள். பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, தன் விரலிடுக்கில் காய்ந்த மாவைச் சுரண்டிக்கொண்டிருந்த சின்னவள் திடீரென்று சொன்னாள்.

"முதல் நாள் உனக்கு ரேகை பதியலன்னு வந்து சொன்னியே, எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷமா இருந்தது."

மாவக்கா தேய்ப்பதை நிறுத்தவில்லை. "தெரியும்."

"தெரியுமா?"

"அன்னைக்கு மட்டும் நீ என்னைத் திட்டல."

சின்னவள் விரலிடுக்கை இன்னும் வேகமாகச் சுரண்டினாள். "ரெண்டு வருஷம் நான் தனியா என்னக்கா பண்ணுவேன்?" என்றாள். மாவக்கா கம்பி வலையைக் கீழே வைத்தாள். ஒட்டுப்பட்டை சுற்றிய எட்டு விரலோடு தங்கையின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். தலைமுடியெல்லாம் மாவாயிற்று.

மாலையில் பார்த்தபோது இரண்டு கட்டைவிரலும் சிவந்து, உரிந்து, மொழுக்கென்று இருந்தன. சின்னவள் களிம்பு பூசினாள். நாலு நாளில் வளருமா என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

விமானத்தில் கொடுத்த சாப்பாட்டை மாவக்கா தொடவில்லை. கட்டைவிரல் இரண்டையும் மடித்து உள்ளங்கைக்குள் பொத்தி வைத்துக்கொண்டாள், வெயில் படாத செடி வளருமா என்பதுபோல அவ்வப்போது திறந்து பார்த்தாள். கால் தரிக்கவில்லை. மூன்று தடவை எழுந்து நடந்ததில் பணிப்பெண் உடம்பு சரியில்லையா என்று கேட்டாள்.

காலை பத்து மணிக்கு விமானம் இறங்கியது. எல்லைக் கவுண்ட்டரில் நரைத்த மீசை அதிகாரி. வலது கை நாலு விரல் பச்சை. இடது கை நாலு விரல் பச்சை. கட்டைவிரல்கள் சிவப்பு. மறுபடி. சிவப்பு. அவர் எழுந்து கண்ணாடியைத் துடைத்தார். சிவப்பு. பாஸ்போர்ட்டைக் கையில் எடுத்து, பின்னால் இருந்த ஆளிடம் ஏதோ சொல்ல, அந்த ஆள் மாவக்காவை ஓரமாக ஒரு நாற்காலியில் உட்காரச் சொன்னார். கதவுக்கு அந்தப் பக்கம் அவளை அழைத்துப் போக வந்த டிரைவர் அவள் பெயரெழுதிய அட்டையோடு நிற்பது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. இருபது அடி இருக்கும்.

முக்கால் மணி நேரம் ஆயிற்று. போச்சு, எல்லாம் போச்சு என்று கட்டைவிரலை மறுபடி மடித்துப் பொத்திக்கொண்டாள். சின்னவள் சொன்னாளே, படித்துப் படித்துச் சொன்னாளே. அப்போது கைப்பேசி முனகியது. சின்னவள் ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள்.

அதிகாரி கூப்பிட்டார். உடைந்த ஆங்கிலத்தில் அவரும், அதைவிட உடைந்த ஆங்கிலத்தில் இவளும்.

"விசா வாங்கும்போது கட்டைவிரல் இருந்தது. இப்போது எங்கே?"

 மாவு, வலை, அச்சு, எதற்கும் மாவக்காவுக்கு ஆங்கிலம் தெரியவில்லை. கைப்பேசியைக் கவுண்ட்டர் மேல் வைத்து வீடியோவை ஓடவிட்டாள். சலவைக் கடை. ஸ்டூலைக் காணோம். இஸ்திரிக்காரம்மா நேராக நின்று, இரண்டு காலையும் ஊன்றி, பெட்டியை ஒரு தள்ளு தள்ளிவிட்டுக் கேமராவைப் பார்க்கிறார். "ஏம்மா மாவு, போய்ச் சேந்தியா? இப்ப வலிக்கவே இல்ல. அங்க இருக்கறவங்களுக்கும் இதே மாதிரி அமுக்கு, என்ன?"

மாவக்கா திரையில் அந்த முழங்காலுக்குக் கீழே விரலை வைத்துக் காட்டினாள். பிறகு தன் உரிந்த கட்டைவிரல் இரண்டையும் தூக்கிக் காட்டினாள்.

அதிகாரி இரண்டாம் தடவை ஓடவிட்டுப் பார்த்தார். அந்தக் காலையே பார்த்தார். அவர் நாட்டில் அப்படியொரு காலைப் பார்க்காதவர் யார் இருக்கிறார்?

"இந்த அம்மா என்ன சொல்கிறார்?" என்று கேட்டார்.

"வலிக்கலையாம் சார்," என்றாள் மாவக்கா, ஆங்கிலத்தை மறந்து தன் மொழியிலேயே. 

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். படிவத்தை இழுத்து, கட்டைவிரல் கட்டத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டு, பாஸ்போர்ட்டில் அனுமதி முத்திரையைக் குத்தினார்.